வீட்டைப் பார்க்குமுன் மண்ணைப் பாருங்கள்!

காஞ்சிபுரத்தில் வீடு வாங்குவது, மற்ற ஊர்களில் வீடு வாங்குவது போல் அல்ல.

இந்த ஊர் மண்ணுக்குச் சொந்தக்காரர்கள் பலர். சில மனைகளுக்குச் சாமியே சொந்தக்காரர். சில மனைகள் ஆற்றுக்குச் சொந்தம். பல்லவ மன்னர்கள் கட்டிய கோயில்களின் பக்கத்தில், இன்றும் நினைத்தபடி ஒரு செங்கல் வைக்க முடியாது.

வீடு வாங்க வருகிறவர்கள் சுவரைப் பார்க்கிறார்கள். கதவு தேக்கா, வேம்பா என்று தட்டிப் பார்க்கிறார்கள். வீட்டுக்கு அடியில் இருக்கும் மண் யாருடையது? அது எப்படிப்பட்ட மண்? இதைக் கேட்பவர்கள் குறைவு.

கேட்காமல் விட்டால், பாடுபட்டுச் சேர்த்த பணம் போய்விடும்.

யாருக்கு வீடு?

ஒரு நெசவாளர் குடும்பத்தை எடுத்துக் கொள்வோம். கணவன், மனைவி, மகன், மகள், வயதான தாயார். கையில் கொஞ்சம் பணம். மனைவியின் நகை கொஞ்சம். மீதிக்கு வங்கிக் கடன். எல்லாம் சேர்த்து ரூ.20 லட்சத்துக்குள் வீடு வேண்டும்.

மகன் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலைக்குப் போகிறான். மகள் பள்ளிக்கூடத்தில் படிக்கிறாள். கணவனும் மனைவியும் வீட்டிலேயே பட்டு நெய்கிறார்கள்.

இவர்களுக்கு எந்தப் பகுதியில் வீடு ஏற்றது?

தறிக்கு இடம் உண்டா?

நெசவாளிக்கு வீடு என்பது குடியிருக்கும் இடம் மட்டும் அல்ல. தொழில் செய்யும் இடமும் அதுதான்.

காஞ்சியில் பட்டு நெய்யும் தறி, பெரும்பாலும் குழித்தறி. தரையில் குழி தோண்டி இருப்பார்கள். குழியின் விளிம்பில் நெசவாளி உட்காருவார். கால்களைக் குழிக்குள் விட்டு, மிதிக்கட்டைகளை மிதிப்பார். தறியின் மேலே, பூ வேலைக்கான ஜக்கார்டு பெட்டி இருக்கும். ஆகவே, தரைக்குக் கீழே ஆழம் வேண்டும். தலைக்கு மேலே உயரம் வேண்டும்.

அடுக்குமாடி வீட்டில், இரண்டாவது மாடியில் குழி தோண்ட முடியுமா? முடியாது. விலை மலிவு என்று மாடி வீட்டை வாங்கினால், தறியை எங்கே போடுவது? வேறு இடத்தில் வாடகைக்குத் தறிக்கூடம் பிடிக்க வேண்டும். அந்த வாடகையையும் வீட்டின் விலையோடு சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

இன்னொன்றும் உண்டு. உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம் வைத்து நெய்வது கோர்வை நெசவு. காஞ்சிப் பட்டுக்குப் பெயர் வாங்கித் தந்தது இதுதான். இதற்கு மூன்று நாடாக்கள் வேண்டும். ஒருவர் தனியாக நெய்வது கடினம். பக்கத்தில் துணையாள் உட்கார்ந்து நாடா தள்ளுவார். பல வீடுகளில் அந்தத் துணையாள் மனைவிதான். சமையல் கட்டும் தறியும் ஒரே கூரையின் கீழ் இருந்தால்தான் இந்த வேலை நடக்கும்.

தெருவும் ஒரு பட்டறை

வழக்கமாக ஒரு பாவில் மூன்று சேலைகள் நெய்வார்கள். ஒரு சேலை ஐந்தரை மீட்டர். மூன்று சேலைக்கு உரிய பாவின் நீளம் 50 அடிக்கு மேல். அதை வீட்டுக்குள் விரிக்க முடியாது.

ஆகவே, விடியற்காலையில் பாவைத் தெருவில் இழுத்துக் கட்டுகிறார்கள். அறுந்த இழைகளை முடிகிறார்கள். கஞ்சி போட்டு உலர்த்துகிறார்கள். வெயில் ஏறுவதற்குள் வேலை முடிந்துவிடும்.

இதற்குத் தெரு நேராக இருக்க வேண்டும். விடிந்ததும் லாரியும் பஸ்ஸும் ஓடாத தெருவாக இருக்க வேண்டும். அக்கம்பக்கத்தாரும் இதே தொழில் செய்பவர்களாக இருந்தால், "வழியை மறைக்கிறாயே" என்று சண்டைக்கு வரமாட்டார்கள். ஒரு கை கொடுத்தும் உதவுவார்கள்.

இந்த வசதி உள்ள இடம் என்று பிள்ளையார்பாளையத்தைச் சொல்லலாம். ஊரின் மேற்கே உள்ள நெசவாளர் பகுதி அது. தறி வேலைக்கு வேண்டிய துணையாட்களைத் தேடி வெகு தூரம் அலைய வேண்டியதில்லை.

மன்னன் வைத்த வேலி

பிள்ளையார்பாளையத்துக்கும் மேற்கே கயிலாசநாதர் கோயில் இருக்கிறது. சுமார் 1,300 ஆண்டுகளுக்கு முன், ராஜசிம்மன் என்னும் பல்லவ மன்னன் கட்டியது. இன்று இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. ஊருக்குள் இருக்கும் வைகுண்டப் பெருமாள் கோயிலும் அப்படியே. இவை போல வேறு சில சிறு கோயில்களும் உண்டு.

இதற்கும் வீடு வாங்குவதற்கும் என்ன சம்பந்தம்?

2010-ல் திருத்தப்பட்ட சட்டப்படி, இத்தகைய சின்னத்தின் எல்லையில் இருந்து 100 மீட்டருக்குள் புது வீடு கட்டக் கூடாது. பழைய வீட்டைப் பழுது பார்ப்பதற்கும் அனுமதி வேண்டும். அதற்கு அப்பால் இன்னொரு 200 மீட்டருக்குள் கட்டுவதற்கும் அனுமதி வாங்கியாக வேண்டும்.

"இந்த ஓட்டு வீட்டை இடித்துவிட்டு மாடி கட்டிக் கொள்ளலாம்" என்று விற்பவர் சொல்லலாம். அதை நம்பிப் பணம் கொடுக்கும் முன், கோயில் மதிலில் இருந்து எத்தனை மீட்டர் என்று அளந்து பாருங்கள். அளவு நாடாவின் விலை அற்பம். அது காப்பாற்றும் பணம் லட்சக்கணக்கில்.

சாமி மனை

ஏகாம்பரநாதர், காமாட்சி அம்மன், வரதராஜப் பெருமாள் என்று பெரிய கோயில்கள் நிறைந்த ஊர் காஞ்சி. அந்தக் காலத்து மன்னர்களும் செல்வர்களும் கோயில்களுக்கு நிலம் எழுதி வைத்தார்கள். அப்படிப்பட்ட நிலங்களில் பின்னால் வீடுகள் எழுந்தன. சுவரும் கூரையும் குடியிருப்பவருக்குச் சொந்தம். மனை கோயிலுக்குச் சொந்தம். இதைத்தான் "அடிமனை" என்கிறார்கள். குடியிருப்பவர் கோயிலுக்கு அடிமனை வாடகை கட்ட வேண்டும்.

இப்படிப்பட்ட வீட்டைக் காட்டும் தரகர் என்ன சொல்வார்?

"அண்ணே, இந்தத் தெருவில் இந்த விலைக்கு வேறு வீடு கிடைக்காது. சாமி மனைதான். ஏதோ கொஞ்சம் வாடகை கட்டினால் போதும். யார் வந்து கேட்கப் போகிறார்கள்?"

வீட்டுக்கார அம்மாள் விவரம் தெரிந்தவராக இருந்தால், "சாமி கேட்காது அண்ணே. சாமியின் கணக்குப்பிள்ளை கேட்பாரே!" என்பார்.

அதுதான் உண்மை. 1959-ம் ஆண்டு அறநிலையத் துறைச் சட்டப்படி, துறை ஆணையரின் அனுமதி இல்லாமல் கோயில் நிலத்தை விற்றால் அந்த விற்பனை செல்லாது. கோயில் நிலத்தைத் தனியார் பெயருக்குப் பத்திரப் பதிவு செய்யவும் தடை உண்டு. எத்தனை தலைமுறை குடியிருந்தாலும், அனுபவத்தைக் காட்டி அந்த நிலத்தைச் சொந்தமாக்கிக் கொள்ள முடியாது. நியாய வாடகையை நிர்ணயிக்கவும், பிறகு உயர்த்தவும் சட்டத்தில் வழி இருக்கிறது.

அப்படியானால், விலை பாதியாக இருந்தாலும் அந்த வீடு மலிவா? இல்லை. அங்கே நீங்கள் வாங்குவது சுவரை மட்டும்தான்.

இதைத் தெரிந்து கொள்வது எப்படி? கோயில் அலுவலகத்தில் சர்வே எண்ணைச் சொல்லிக் கேட்கலாம். கோயில் நிலங்களின் விவரங்களை 2021 முதல் அறநிலையத் துறை தன் இணையதளத்தில் வெளியிட்டு வருகிறது. படித்த பிள்ளைகள் கைபேசியிலேயே பார்த்துச் சொல்லி விடுவார்கள்.

ஆற்றின் நிலம்

காஞ்சி நகரை ஒட்டி ஓடுகிறது வேகவதி ஆறு. திருமுக்கூடலில் போய்ப் பாலாற்றோடு கலக்கிறது. ஆண்டில் பல மாதங்கள் ஆற்றில் நீரோட்டம் இருக்காது. வறண்ட ஆற்றைப் பார்த்தவர்கள், கரையில் மட்டும் அல்லாமல் ஆற்று நிலத்திலேயே வீடு கட்டினார்கள்.

2015-ம் ஆண்டு பெருமழையில் ஆறு தன் நிலத்தைத் தேடி வந்தது. கரையோர வீடுகளில் வெள்ளம் புகுந்தது. பிறகு ஆக்கிரமிப்புகளை அகற்றும் வேலை தொடங்கியது. அங்கே இருந்த குடும்பங்களுக்காக, ஊருக்கு வெளியே கீழ்கதிர்ப்பூரில் அரசு அடுக்குமாடி வீடுகளைக் கட்டியது. தலைக்கு மேல் கூரை கிடைத்தது. ஆனால், பழகிய தெருவையும் பக்கத்து வேலையையும் விட்டுப் போக வேண்டி வந்தது.

பத்திரத்திலோ பட்டாவிலோ "நீர்நிலைப் புறம்போக்கு" என்ற சொல் எங்கேயாவது தென்பட்டால், அந்த வீட்டின் படியில் கூட ஏறாதீர்கள். மின் இணைப்பு இருக்கிறது, வரி ரசீது இருக்கிறது என்று காட்டுவார்கள். அவற்றால் நிலம் சொந்தமாகி விடாது.

பட்டா சரியாக இருந்தாலும் தாழ்வான மனை நெசவாளிக்கு ஆகாது. மழைக்காலத்தில் தறிக்குழிக்குள் தண்ணீர் ஊறும். ஈரத்தில் பட்டு நூல் கெடும். தண்ணீர் வடியும் வரை வேலை இல்லை. வேலை இல்லை என்றால் கூலி இல்லை. ஆனால், வங்கிக் கடன் தவணை மட்டும் மாதம் தவறாமல் வந்து நிற்கும்.

பெரிய தெருவும் புது மனையும்

காந்தி சாலையிலும் ராஜ வீதிகளிலும் வீடு கிடைக்குமா? கிடைக்கலாம். பட்டுக் கடைகளும் கடைவீதியும் உள்ள இடம். வியாபாரிக்கு ஏற்ற விலை சொல்வார்கள். நெசவாளியின் கைக்கு அது எட்டாது.

சின்ன காஞ்சிபுரம் அழகான பகுதி. அறிஞர் அண்ணா பிறந்த ஊர்ப் பகுதி. வைகாசி கருட சேவைக்கு ஊரே அங்கே திரளும். 2019-ல் அத்தி வரதர் 48 நாள் காட்சி தந்தபோது, வெளியூர் வண்டிகளை ஊருக்கு வெளியிலேயே நிறுத்தினார்கள். சன்னதிக்கு அருகே வீடு இருந்தால் பெருமாள் வாசலுக்கே வருவார். அந்த நாட்களில் தெருவில் பாவு விரிக்க முடியாது என்பதையும் நினைவில் வையுங்கள். கோயிலில் இருந்து நாலு தெரு தள்ளிப் பார்ப்பது நல்லது.

தெற்கே ஓரிக்கை, செவிலிமேடு பகுதிகள் வளர்ந்து வருகின்றன. இவை இப்போது மாநகராட்சிக்குள் இருக்கின்றன. புது மனை என்றால் விருப்பம்போல் கட்டலாம். தரையை உயர்த்திக் கட்டித் தறிக்கூடம் அமைக்கலாம். ஆனால் குடிநீர்க் குழாய், கழிவுநீர் வசதி, இரவு பஸ் ஆகியவை தெருவரை வந்திருக்கின்றனவா என்று நேரில் பாருங்கள்.

மனைக்கு அரசின் அங்கீகாரம் இருக்கிறதா என்பதும் முக்கியம். அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதிவு செய்ய, 2016-ல் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது. பழைய மனைகளை வரன்முறைப்படுத்தும் திட்டத்தை 2017-ல் அரசு கொண்டு வந்தது. "பிறகு அப்ரூவல் வாங்கித் தருகிறோம்" என்ற பேச்சை நம்ப வேண்டாம்.

வடக்கே நெடுஞ்சாலைப் பக்கம் போனால், "பரந்தூரில் விமான நிலையம் வரப் போகிறது, விலை ஏறும்" என்பார்கள். 2022-ல் அறிவிக்கப்பட்ட திட்டம் அது. விலை ஏறுவது விற்கிறவனுக்கு லாபம். குடியிருக்க வாங்குகிறவர், விமானத்தை நம்பி அதிக விலை கொடுக்க வேண்டியதில்லை. மகன் நெடுஞ்சாலைக்கு சைக்கிளில் போய்க் கம்பெனி பஸ்ஸைப் பிடிக்கலாம். தறியைச் சைக்கிளில் தூக்கிப் போக முடியாது!

20 லட்சத்தில் வீடு எவ்வளவு?

ரூ.20 லட்சம் கையில் இருந்தால், ரூ.20 லட்சத்துக்கு வீடு வாங்க முடியாது. 2023 ஏப்ரல் முதல் முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். ஆக, 100 ரூபாய்க்கு 9 ரூபாய். ரூ.18 லட்சம் வீட்டுக்கு இதுவே ரூ.1 லட்சத்து 62 ஆயிரம் ஆகும். வக்கீல் செலவு, சாமான் ஏற்றும் செலவு தனி. ஆகவே, ரூ.18 லட்சத்துக்கு மேல் விலை பேசாதீர்கள்.

ரூ.10 லட்சம் வரை மதிப்புள்ள வீட்டையோ மனையையோ பெண்கள் பெயரில் பதிவு செய்தால், 2025 ஏப்ரல் முதல் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் சலுகை உண்டு. நகையைக் கொடுத்தவர் மனைவி. பத்திரமும் அவர் பெயரில் இருந்தால் என்ன தவறு?

முன்பணம் கொடுப்பதற்கு முன் மூலப் பத்திரம், பட்டா, 30 ஆண்டு வில்லங்கச் சான்று ஆகியவற்றை வக்கீலிடம் காட்டுங்கள். வங்கியிலும் காட்டுங்கள். "இந்த மனைக்குக் கடன் தர முடியாது" என்று வங்கி சொன்னால் வருத்தப்படாதீர்கள். அது இலவசமாகக் கிடைத்த எச்சரிக்கை.

எப்போது பார்க்க வேண்டும்?

இந்தக் குடும்பத்துக்கு ஏற்றது எது? பிள்ளையார்பாளையத்திலோ, அதுபோன்ற வேறு நெசவாளர் தெருவிலோ உள்ள சிறிய பழைய வீடு. கோயில் மனை அல்லாத, பட்டா உள்ள, மேடான வீடு. சுவர் பழசாக இருந்தால் பூசிக் கொள்ளலாம். ஓடு உடைந்திருந்தால் மாற்றிக் கொள்ளலாம். மண்ணை மாற்ற முடியாது.

வீடு பார்க்கச் சித்திரை வெயிலில் போகாதீர்கள். எல்லா வீடும் அப்போது காய்ந்துதான் இருக்கும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில், குடை பிடித்துக் கொண்டு போய்ப் பாருங்கள். பக்கத்து வீட்டுப் பாட்டியிடம், "தறிக்குழியில் தண்ணீர் ஊறுமா, பாட்டி?" என்று கேளுங்கள். தரகர் சொல்லாததைப் பாட்டி சொல்வார்.