ஆடியில் முளைக்கும் பரு

அணுக்கரு இணைவு ஆய்வைப் பற்றிப் படித்த வாசகர் ஒருவர் கேட்கிறார்: ‘அவ்வளவு வலிமையான லேசர், அதைத் திருப்பிவிடும் கண்ணாடிகளைப் பொசுக்கிவிடாதா?’

வெள்ளியோ அலுமினியமோ பூசிய சாதாரண ஆடி என்றால் பொசுக்கத்தான் செய்யும். உலோகம் தன்மேல் படும் ஒளியில் சிறு பங்கை விழுங்கும். அந்தச் சிறு பங்கே அதற்கு எமன்.

கலிஃபோர்னியாவின் லிவர்மோர் ஆய்வகத்தில் 192 லேசர் கற்றைகள் ஒரே குறியை நோக்கிப் பாய்கின்றன. 2022 டிசம்பர் 5 அன்று அவை செலுத்தியது 2.05 மெகாஜூல், இணைவில் கிடைத்தது 3.15 மெகாஜூல். செய்தித்தாள்கள் கொண்டாடித் தீர்த்தன. கற்றைகளைத் திருப்பிக் குறிவரை கொண்டுசேர்த்த ஆடிகளின் பூச்சுகளை யாரும் சீந்தவில்லை.

அந்த ஆடிகளின் பூச்சில் உலோகப் படலமே கிடையாது. ஹாஃப்னியம் ஆக்சைடும் சிலிக்காவும் மாறி மாறிப் படிந்திருக்கும். இரண்டுமே ஒளியை ஊடுருவ விடுபவை. ஒவ்வொரு படலத்தின் தடிமனும், அதனுள் செல்லும் ஒளியின் அலைநீளத்தில் கால் பங்கு. படலங்களின் எல்லைகளில் சிறிது சிறிதாகத் திரும்பும் அலைகள் ஒத்திசைந்து கூடுவதால், ஏறக்குறைய முழு ஒளியும் திரும்பிவிடுகிறது.

வினை தூசியில் இருக்கிறது. வெற்றிட அறையில் ஆக்சைடை எலக்ட்ரான் கற்றையால் ஆவியாக்கும்போது, எப்போதாவது ஒரு பொடி தெறித்து ஆடியில் ஒட்டும். அதன்மேலேயே அடுத்த படலங்கள் படியும். மணல் ஒட்டிய சுவரில் பொங்கலுக்குப் பொங்கல் வெள்ளையடித்தால் அந்த இடம் புடைத்துக்கொண்டே போகுமே, அப்படித்தான் இங்கே ஒரு பரு வளர்கிறது. அதன் வளைந்த தலை லென்ஸாக மாறி, ஒளியைத் தனக்குள்ளேயே குவிக்கும். லேசர் பாய்ந்ததும் பரு பிய்த்துக்கொண்டு போகும், பள்ளம் மிஞ்சும்.

ஆக்சைடுக்குப் பதிலாக ஹாஃப்னியம் உலோகத்தை ஆவியாக்கி, அறைக்குள் ஆக்சிஜனைச் செலுத்தி ஆக்சைடாக்கியபோது தெறிப்பு வெகுவாகக் குறைந்தது. மீறி வளர்ந்த பருக்களுக்கு லேசரே வைத்தியம். முதலில் மெலிந்த கற்றையை ஆடி முழுக்க ஓட்டி, வலிமையைப் படிப்படியாகக் கூட்டுகிறார்கள். பருக்கள் பதமாகப் பெயர்ந்து, மேற்கொண்டு பெரிதாகாத சிறு குழிகளாக அடங்கிவிடுகின்றன.

இதே ஆய்வகத்தின் லென்ஸுகளில், எதிரொளிப்பைக் குறைக்கப் பூசும் நுண்துளைச் சிலிக்காப் படலம் இன்னும் விசித்திரம். பெரும் லேசரைத் தாங்கும். விரலால் தேய்த்தால் வந்துவிடும்! நம் மூக்குக்கண்ணாடிகளில் பூசுவது இதைவிடக் கெட்டியானது என்றாலும், வேட்டி நுனிக்கும் சட்டை முனைக்கும் நெடுநாள் ஈடுகொடுக்காது. கூடுதல் காசு கொடுத்துப் பூச்சு கேட்டு வாங்கினால், தூசியைத் தண்ணீரில் அலசிவிட்டு மெல்லிய துணியால் ஒற்றி எடுங்கள்.