வேலியோரம் - 9: ஆவாரைக்கும் கத்தரிக்கும் என்ன உறவு?

காங்கேயம், தாராபுரம் பக்கத்து மேய்ச்சல் நிலங்களான கொறங்காடுகளைச் சுற்றி நிற்கும் கிளுவை வேலி பங்குனி, சித்திரையில் மொட்டையாகத்தான் கிடக்கும். கோடைமழை விழுந்த பிறகே துளிர்க்கும். காய்ந்த முள்ளுக்கு இத்தனை இடம் எதற்கு, கல்லுக்கால் நட்டுக் கம்பி இழுத்தால் தீர்ந்தது என்று பலர் கேட்கிறார்கள். ஆடுமாட்டைத் தடுப்பது மட்டுமே வேலியின் வேலை என்றால் அந்தக் கேள்வி நியாயம்தான். ஆனால் அந்த வறண்ட நாளிலும் வேலியோரத்தில் எருக்கும் ஆவாரையும் பூத்திருக்கின்றன. அவற்றைத் தேடி வருவது யார் என்று பார்த்தால் கணக்கு மாறிவிடுகிறது.

எருக்கின் மகரந்தம் பொடியாக உதிராது. சிறு பொதியாக ஒட்டியிருக்கும். அதை இழுத்துப்போகும் வலு, தச்சுத்தேனீ எனப்படும் பெரிய கருவண்டுக்கு உண்டு. ஆவாரையின் சிக்கல் வேறு. அதன் பூவில் தேன் கிடையாது, மகரந்தம் மட்டுமே கூலி. அதுவும் நுனியில் துளையுள்ள பைக்குள் அடைபட்டிருக்கும். கருவண்டு பூவைக் கவ்விக்கொண்டு மார்புத் தசையை அதிரவைக்க, உப்புச் சீசாவைக் குலுக்கியதுபோல் மகரந்தம் கொட்டும். பெட்டியில் வளர்க்கும் தேனீக்கு இந்த வித்தை வராது. கத்தரிப்பூவின் மகரந்தப் பைக்கும் இதே அமைப்புதான். அரவக்குறிச்சி வட்டாரத்துக்குப் பணம் தரும் முருங்கைப் பூவிலும் முக்கியமான வேலையாள் இதே கருவண்டுதான். காட்டில் பயிரில்லாத மாதங்களில் இதற்குச் சோறு போடுவது வேலியோரப் பூக்கள். குடியிருக்க இடம் தருவது காய்ந்த கிளை. அதைத் துளைத்துத்தான் கருவண்டு முட்டையிடும். கத்தரியை நாடும் நீலப்பட்டைத் தேனீயோ மண்ணில் வளை தோண்டுவது. உழவு படாத வேலியடி அதற்குத் தோது. கல்லுக்காலில் யார் குடியிருப்பது?

வண்டு வராவிட்டாலும் கத்தரி காய்க்குமே என்று கேட்கலாம். காய்க்கும், ஆனால் வண்டு அதிரவைத்த பூ கூடுதலாகக் காய் பிடிக்கும். வேலி பூச்சிகளுக்குப் புகலிடம் என்ற குற்றச்சாட்டு இதைவிடக் கனமானது. 2008இல் கோவையில் கண்டறியப்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி பார்த்தீனியத்திலும் பெருகிப் பப்பாளி, மரவள்ளி, மல்பெரியை வாட்டியது உண்மை. ஆனால் அதை அடக்கியதும் ஒரு பூச்சிதான்: 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து தருவித்த கடுகளவுகூட இல்லாத ஒட்டுண்ணிக் குளவி. இரை இருக்கும் இடத்தில்தான் அதுவும் பிழைக்கும். பார்த்தீனியத்தை வேண்டுமானால் பிடுங்குங்கள். அந்தச் சாக்கில் ஆவாரையையும் வேலிப்பருத்தியையும் கோவைக்கொடியையும் சேர்த்துக் கொளுத்த வேண்டியதில்லை. வேலி இடத்தை அடைக்கும், நிழலடியில் விளைச்சல் குறையும் என்பதற்கு என்னிடம் மறுப்பு இல்லை. அரை ஏக்கர் வைத்திருப்பவருக்கு அது பெரிய நட்டம். அவரிடம் கிளுவை நடு என்று சொல்ல மாட்டேன். பல ஏக்கர் கொறங்காட்டுக்காரருக்கு இந்தச் சமாதானம் பொருந்தாது. அவர்கள் அடுத்த முறை வேலியைக் கழிக்கும்போது, பட்டுப்போன கிளைகளில் நாலைந்தையாவது வெட்டாமல் விடட்டும்.