ஒடியற்கூழும் ஊரின் உளநலமும்

உணவு உடலை வளர்ப்பது என்பதை யாவரும் அறிவர். பலர் கூடிப் பயிரிட்டு, கூடிச் சமைத்து, கூடி உண்ணும்போது அது உள்ளத்தையும் தாங்குகின்றது. வடபகுதிக் கமக்காரருக்கு இதனை விளக்க ஒடியற்கூழே போதிய சான்றாகும்.

கூழும் கூட்டுவேலையும்

மாரிமழையோடு பாத்தியிலிடப்படும் பனங்கொட்டைகள் தை, மாசி மாதங்களிற் கிழங்காகின்றன. கிழங்கைப் பச்சையாகக் கிழித்து வெயிலிற் காயவைத்தால் ஒடியல் கிடைக்கும். ஒடியல் மாவை நீரில் ஊறவைத்து, மேல்நீரைப் பன்முறை வடித்துக் கசப்பை நீக்குதல் வேண்டும். பின்னர் மீன், நண்டு, இறால், பயிற்றங்காய், பலாக்கொட்டை, மரவள்ளிக்கிழங்கு, முருங்கையிலை ஆகியவற்றை அவித்து, அரைத்த செத்தல்மிளகாயும் புளியும் கூட்டி, மாவைக் கரைத்து விட்டுக் காய்ச்சுவர்.

இத்துணைப் பொருளும் ஒரு வீட்டில் ஒருங்கே இருத்தல் அரிது. ஒருவர் மரவள்ளி கொணர்வார். ஒருவர் விறகு பிளப்பார். சிறுவர் பனையோலையிற் பிளா கோலுவர். பதம் பார்ப்பதற்கு மூதாட்டி ஒருவரை அழைத்தே தீரவேண்டும். தாம் எவருக்கும் வேண்டாதவர் என்று எண்ணியிருந்தவர் அன்று இன்றியமையாதவராகின்றார். கூட்டுச் சமையலின் பெரும்பயன் இதுவே.

ஆராய்ச்சி கூறுவது

2004ஆம் ஆண்டின் கடற்கோளும் 2009இல் முடிவுற்ற போரும் வடபகுதியிற் பல குடும்பங்களைச் சிதைத்தன. இத்தகைய பேரிழப்புகள் தனியாளின் மனத்தை மட்டுமன்றி, அயலவர்க்கிடையிலான நம்பிக்கையையும் குலைக்கின்றன என்பதை உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் தம் ஆய்வுகளிற் காட்டியுள்ளார். ஊராக நேர்ந்த வடுவை ஆற்றுவதற்கு ஊராகச் செய்யும் முயற்சியும் வேண்டும்.

ஒல்லாந்தில் 2011இல் வெளியான ஆய்வொன்றில், மனஅழுத்தம் தரும் வேலையொன்றின் பின் 30 நிமிடம் தோட்டவேலை செய்தோருக்கு, உள்ளிருந்து வாசித்தோரைவிட அழுத்தச் சுரப்பான கோட்டிசோல் மிகுதியாகக் குறைந்தது. பிறரோடு அடிக்கடி உண்போர் கூடிய மகிழ்ச்சியும் அயலவரிடம் நம்பிக்கையும் உடையோராயிருத்தலை ஐக்கிய இராச்சியத்திற் பேராசிரியர் றொபின் டன்பார் 2017இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது.

செய்யவேண்டியவை

1. கிராம அபிவிருத்திச் சங்கமோ மாதர் சங்கமோ பொதுக்காணியில் ஒரு பாத்தியிட்டு, முறைவைத்துப் பராமரித்தல் நன்று.

2. மாதம் ஒருமுறையேனும் கூடிச் சமைத்தல் வேண்டும். நாளை முன்கூட்டியே குறித்தால், தனித்திருப்போர் அந்நாளை எதிர்பார்த்திருப்பர்.

3. தனித்து வாழ்வோரை உண்பதற்கு மட்டும் அழைத்தல் போதாது. அவர்களால் இயன்ற ஒரு வேலையையும் ஒப்படைத்தல் வேண்டும்.

4. பொருள் கொணர இயலாதவரிடம் கணக்குப் பார்த்தலாகாது. யார் என்ன தந்தார் என்பதைப் பலர்முன் கூறுதலும் தகாது.

5. துயருற்றவரைப் பேசும்படி வற்புறுத்தலாகாது. அருகிருந்து காய் நறுக்குதலே அவருக்கு ஆறுதலாகலாம்.

எச்சரிக்கை

கூழ் மருந்தாகாது. நெடுநாள் உறக்கமின்றி, உணவை வெறுத்து, வாழ்வில் விருப்பற்றிருப்போரை அரசாங்க வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்கு உடன் அழைத்துச் செல்லுதல் வேண்டும். 1926 என்னும் தேசிய உளநல உதவித் தொலைபேசி இலக்கத்திலும் ஆலோசனை பெறலாம். வழமையாக வருபவர் ஒருநாள் கூழுக்கு வாராதிருப்பின், அவர் பங்கைப் பிளாவில் எடுத்துக்கொண்டு அன்றே அவர் வீடு செல்லுதல் அயலவர் கடன்.