சாவித்திரிக் கரையில் ஒரு குளம்

மகாத் போகிறவர்கள் பெரும்பாலும் மார்ச் 20 அன்று, நினைவு நாளில் போவார்கள். நாங்கள் ஜூலை மழையில் போனோம். அந்தப் போராட்டம் எங்களுக்குச் சரியாக விளங்கியதும் அந்த மழையில்தான்.

மகாபலேசுவரத்தில் பிறக்கும் சாவித்திரி ஆறு சகியாத்திரி மலையிலிருந்து இறங்கி, மகாதைத் தொட்டுக்கொண்டு அரபிக்கடலுக்குப் போகிறது. ஊருக்கருகே காந்தாரி ஆறும் அதில் கலக்கிறது. மழைக்காலத்தில் மலைச்சரிவெல்லாம் அருவி. வெள்ளம்தான் அங்கே கவலை. 2016 ஆகஸ்டில் ஆற்றுப் பாலம் இடிந்து பேருந்துகள் அடித்துச் செல்லப்பட்டன. 2021 ஜூலையில் ஊரே மூழ்கியது. இந்த ஊரில்தான் 1927 மார்ச் மாநாட்டுக்கு வந்த நம் மக்கள் குடிப்பதற்கு 40 ரூபாய் கொடுத்துத் தண்ணீர் வாங்கினார்கள்.

ஆகவே, தண்ணீர்ப் பஞ்சத்தால் எழுந்த போராட்டமாக மகாதை யாராவது பாடம் நடத்தினால் மறுத்துப் பேசுங்கள். சட்டமும் தடையாக இருக்கவில்லை. பொது நீர்நிலைகளைத் தீண்டப்படாதோருக்குத் திறந்துவிடும் போலேயின் தீர்மானத்தை 1923இல் பம்பாய் சட்டமன்றம் நிறைவேற்றியது. 1924இல் மகாத் நகராட்சியும் ஏற்றது. ஆனாலும் சவுதார் குளத்தில் இறங்க எவருக்கும் துணிவு வரவில்லை. இஸ்லாமியர் மொண்டபோது தீட்டாகாத குளம் அது! மார்ச் 20 அன்று அம்பேத்கர் இறங்கி நீர் அருந்த, கூடியிருந்தோரும் அருந்தினார்கள். அடுத்து இவர்கள் கோயிலுக்குள் நுழையப்போகிறார்கள் என்று வதந்தி கிளம்பியது. பந்தலில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களையும் ஊர் திரும்பியவர்களையும் அடித்தார்கள். பிறகு சாணம், கோமியம், பால், தயிர் கலந்த 108 குடங்களை ஊற்றிக் குளத்தைச் 'சுத்தம்' செய்தார்கள். ஆகஸ்டில் நகராட்சி தன் தீர்மானத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டது.

டிசம்பரில் அம்பேத்கர் பம்பாயிலிருந்து கப்பலேறி, சாவித்திரிக் கரையிலுள்ள தாஸ்காவில் இறங்கி மகாத் சேர்ந்தார். மாநாட்டுக்கு இடம் கொடுத்தவர் பத்தேகான் என்ற இஸ்லாமியர். அங்கேதான் டிசம்பர் 25 அன்று மனுஸ்மிருதி எரிக்கப்பட்டது. நீதிமன்றத் தடையாணை வந்திருந்ததால் குளத்தைச் சுற்றி ஊர்வலம் மட்டுமே நடந்தது. வழக்கு 1937 மார்ச் வரை இழுத்தது. தீண்டப்படாதோரை விலக்குவது தொன்றுதொட்ட வழக்கம் என்று சாதி இந்துக்களால் உயர்நீதிமன்றத்தில் நிரூபிக்க முடியவில்லை.

ராய்கட் கோட்டைக்குப் போகும் பயணிகள் பலருக்கு மகாத் வழியில் வரும் ஓர் ஊர், அவ்வளவுதான். நீங்கள் குளத்தைப் பார்த்துவிட்டு, ஊருக்கு வெளியே நெடுஞ்சாலையோரம் உள்ள காந்தார்பாலே பௌத்தக் குகைகளுக்கும் ஏறுங்கள். படி வழுக்கும், கவனம். நாங்கள் போனபோது பாறையில் வெட்டிய நீர்த்தொட்டிகள் மழையில் நிரம்பிக்கொண்டிருந்தன. கீழே ஆறு கலங்கலாக ஓடியது.