கிரகணமும் நமது கண்களும்

2019 டிசம்பர் 26ஆம் திகதி, கொழுந்தெடுக்கும் காலை நேரத்தில் சூரிய கிரகணம் வந்தது. யாழ்ப்பாணத்தில் வளையம், நமது ஹாலிஎலப் பக்கம் பிறை.

அந்தப் பிறையை வெறுங்கண்ணால் பார்ப்பதுதான் ஆபத்து. வெளிச்சம் குறைந்திருப்பதால் கண் அவ்வளவாகக் கூசாது. உள்ளே விழித்திரை வேகும், நோவே தெரியாது. சில மணி கழித்துத்தான் பார்வையின் நடுவில் கறுப்பாக விழுந்தது விளங்கும். சிலருக்கு அது மாறவே மாறாது. அப்புறம் கொழுந்து எது, முற்றல் எது என்று எப்படிப் பார்ப்பது?

எக்ஸ்ரே படம், கரி பிடித்த கண்ணாடி, கூலிங்கிளாஸ், மஞ்சள் தண்ணீர்த் தட்டு எதையும் நம்ப வேண்டாம். வெல்டிங் கண்ணாடி என்றால் 14ஆம் நம்பர் வேண்டும். கடைகளில் சாதாரணமாகப் பாவிப்பது அதைவிட மெல்லியது.

காசில்லாத வழியும் உண்டு. அட்டையில் குண்டூசித் துவாரம் போட்டு, சூரியனுக்கு முதுகு காட்டி நின்று, நிலத்தில் விழும் பிறையைப் பாருங்கள். மர இலைகளின் இடைவெளியாலும் அதே பிறைகள் விழும். பிள்ளைகளுக்கு அதைக் காட்டுங்கள்.

அடுத்த வளையக் கிரகணம் 2031 மே 21இல் வடக்கில் தெரியும். இங்கே பிறைதான்.