ஊசிக்குள் இருப்பது யாருடைய ஜீன்?

போன மாதம் ஒரு அம்மா தன் மகளைக் கூட்டிக்கொண்டு என் கிளினிக்குக்கு வந்தார். பெண்ணுக்குப் பதினாறு வயது. முதல் வகைச் சர்க்கரை நோய். ஒன்பது வயதிலிருந்தே இன்சுலின் ஊசிதான்.

"டாக்டர், இந்த ஊசியில ஜீனை மாத்தின கிருமி இருக்காமே! செல்போன்ல வந்துச்சு. பொம்பளப் பிள்ளை... நாளைக்கு இவளுக்குப் பொறக்கப்போற குழந்தைக்கு ஏதாவது ஆயிட்டா? ஊசியை நிறுத்திட்டு நம்ம மூலிகையே குடுத்துடுங்களேன்" என்றார்.

சித்த வைத்தியர் சந்தோஷப்படுவார் என்று நினைத்திருப்பார். நான் சொன்னது வேறு. "அம்மா, இன்னிக்கு ராத்திரி ஊசியை மறக்காமப் போடுங்க. மத்ததை இப்ப பேசுவோம்" என்றேன். அவரிடம் பேசியதை உங்களுக்கும் சொல்கிறேன்.

ஜீன் என்பது என்ன?

நம் உடம்பின் செல்களுக்குள் டி.என்.ஏ. என்ற மெல்லிய இழை இருக்கிறது. அதை ஒரு சமையல் குறிப்பு நோட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். நோட்டில் உள்ள ஒவ்வொரு குறிப்பும் ஒரு ஜீன். அதில் ஒன்று, இன்சுலினை எப்படிச் செய்வது என்று கணையத்துக்குச் சொல்கிறது. மனிதன், ஆடு, பப்பாளி, பாக்டீரியா எல்லாவற்றிலும் இந்த நோட்டு ஒரே மொழியில்தான் எழுதப்பட்டிருக்கிறது! அதனால் ஒன்றின் குறிப்பை இன்னொன்றால் படிக்க முடியும். அப்படி ஒரு குறிப்பை எடுத்து வேறொரு உயிரின் நோட்டில் சேர்ப்பதுதான் மரபணு மாற்றம்.

பன்றியிலிருந்து பாக்டீரியாவுக்கு

1921-ல் கனடாவின் டொராண்டோவில் பேன்டிங், பெஸ்ட் இருவரும் இன்சுலினைப் பிரித்தெடுத்தார்கள். 1922 ஜனவரியில் 14 வயதுப் பையன் ஒருவனுக்கு முதன்முதலாக அது போடப்பட்டது. அதன்பின் அறுபது ஆண்டுகள் மாடு, பன்றிகளின் கணையத்திலிருந்துதான் இன்சுலின் எடுத்தார்கள். சுமார் 2 டன் பன்றிக் கணையத்தில் கிடைத்தது 225 கிராம் அளவுதான்! அது மனித இன்சுலினிலிருந்து லேசாக மாறுபட்டது. சிலருக்கு ஒவ்வாமை வந்தது.

1978-ல் அமெரிக்க விஞ்ஞானிகள் மனித இன்சுலினுக்கான குறிப்பை ஆய்வுக்கூடத்திலேயே எழுத்துக்கூட்டி உருவாக்கினார்கள். பாக்டீரியாவுக்குள் இருக்கும் டி.என்.ஏ. வளையத்தை ஒரு நொதியால் வெட்டி, நடுவே இந்தக் குறிப்பை ஒட்டினார்கள். பாக்டீரியா பெருகப் பெருக இன்சுலினும் பெருகியது. 1982-ல் அமெரிக்காவில் மருந்தாக அனுமதி கிடைத்தது. இப்போது ஈஸ்ட்டைக் கொண்டும் செய்கிறார்கள்.

கடைசியில் இன்சுலினை மட்டும் சுத்தமாகப் பிரித்துக் குப்பியில் அடைக்கிறார்கள். உயிருள்ள கிருமி அதில் இல்லை. அது நம் ஜீனை மாற்றாது. பிறக்கும் குழந்தைக்கும் போகாது.

செடியிலும் ஆட்டிலும்

ஹவாய்த் தீவில் வளையப்புள்ளி வைரஸ் நோயால் பப்பாளித் தோட்டங்கள் அழிந்துகொண்டிருந்தன. அந்த வைரஸின் மேலுறைக்கான ஜீனை நுண்ணிய உலோகத் துகள்களில் தடவி, பப்பாளித் திசுவுக்குள் வேகமாகச் செலுத்தினார்கள். அப்படி உருவான செடி நோயைத் தாங்கி நின்றது. 1998-ல் விவசாயிகளுக்கு விதை கிடைத்தது.

ஆட்டின் கருமுட்டையில் ஒரு மனித ஜீனைச் செலுத்தி, ரத்தம் அளவுக்கு மீறி உறைவதைத் தடுக்கும் ஒரு புரதத்தை அதன் பாலிலேயே சுரக்க வைத்தார்கள். அந்த மருந்துக்கு 2009-ல் அமெரிக்கா அனுமதி தந்தது.

அப்படியானால் பயமே வேண்டாமா?

கண்ணை மூடிக்கொண்டு நம்பவும் வேண்டாம். 1990-களில் சோயாவில் பிரேசில் நட்டின் ஜீனைச் சேர்த்தார்கள். அந்த நட்டு ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு இந்தச் சோயாவும் ஒவ்வாமை தரும் என்று சோதனையில் தெரிந்தது. கடைக்கு வரும் முன்பே கைவிட்டார்கள். நம் நாட்டில் பி.டி. பருத்திக்கு 2002-ல் அனுமதி கிடைத்தது. பி.டி. கத்தரிக்காயை 2010 பிப்ரவரியில் அரசு நிறுத்திவைத்தது. ஆக, எல்லாவற்றுக்கும் ஒரே தீர்ப்பு கிடையாது. எந்த ஜீன், எதில், எதற்காக என்று ஒவ்வொன்றாகச் சோதிக்க வேண்டும். இன்சுலின் அந்தச் சோதனையில் தேறி நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது.

என் அனுபவத்தில் சொல்கிறேன்

மதுமேகத்துக்குக் கல்லூரியில் நான் படித்த மருந்துகள் உண்டு. இரண்டாம் வகை நோயாளிக்கு, சர்க்கரை அளவைப் பார்த்துப் பார்த்து ஆவாரைக் குடிநீர் தருகிறேன். முதல் வகையில் கணையம் இன்சுலினைச் சுரப்பதே இல்லை அல்லது மிகக் குறைவு. அந்த இடத்தை நிரப்ப என் மருந்துப் பெட்டியில் எதுவும் இல்லை. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. ஊசியை நிறுத்தினால் சில நாட்களிலேயே உயிருக்கு ஆபத்து. வாந்தி, வயிற்றுவலி, மூச்சு வாங்குதல், மூச்சில் பழவாசனை என்று எது தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். எந்த வைத்தியர் சொன்னாலும், நான் சொன்னாலும்கூட, இன்சுலினை நிறுத்தாதீர்கள்.

எல்லாம் கேட்டபின் அந்தப் பெண் மெதுவாகக் கேட்டாள்: "அப்ப என் உடம்புல அந்த பாக்டீரியா இல்லையா டாக்டர்?"

"ஊசி வழியா வரலைம்மா. ஆனா அதோட சொந்தக்காரங்க உன் குடல்லயும் இருக்காங்க, என் குடல்லயும் இருக்காங்க!" என்றேன். அம்மாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"ஊசி போடற நேரம் ஆச்சு, வா" என்று மகளைக் கூட்டிக்கொண்டு கிளம்பினார்.