தராசில் ஏறாத நகை

வணிகர்களாகிய நமக்குத் தராசுதான் கண். நகைக்கடையிலும் எடை, மாற்று, செய்கூலி, சேதாரம் எல்லாம் கூட்டினால் விலை வந்துவிடும். இந்தக் கணக்கையே புரட்டிப் பார்த்த சில ஐரோப்பிய நகைக் கலைஞர்களைப் பற்றி இம்முறை எழுதுகிறோம். தொழில் வேறானாலும் நமக்கும் அதில் பாடம் உண்டு.

நெதர்லாந்தின் கெய்ஸ் பாக்கரும் அவர் மனைவி எம்மி வான் லேர்சமும் 1967-ல் ஆம்ஸ்டர்டாம் ஸ்டெடலிக் அருங்காட்சியகத்தில் தங்கள் நகைகளைக் காட்டினர். பொன்னும் அல்ல, மணியும் அல்ல. பெரிய அலுமினியக் கழுத்தணிகள்! உலோகத்தின் விலையைவிட அது உடலோடு சேரும் விதமே அவர்களுக்குப் பெரிதாக இருந்தது. 1973-ல் பாக்கர் மெல்லிய கம்பியைக் கையில் இறுகக் கட்டிக் கழற்றி, தோலில் பதிந்த தடமே நகை என்றார். சற்று நேரத்தில் மறையும் தடத்தை எந்தத் தராசில் நிறுப்பது?

சுவிட்சர்லாந்தில் பிறந்த ஓட்டோ குன்ஸ்லி 1980-ல் செய்த வளையலின் பெயர், 'பொன் கண்ணைக் குருடாக்கும்'. கறுப்பு ரப்பர் குழாய்க்குள் ஒரு தங்க உருண்டையை வைத்து மூடிவிட்டார். வெளியே ஒரு புடைப்புதான் தெரியும். உள்ளே இருப்பது தங்கமா, ஈயமா? ரப்பரை அறுத்தால் நகை கெட்டுவிடும். வாங்குபவருக்குச் செய்தவர் சொல்லே ஆதாரம்.

ஆனால், மறைந்திருப்பது எப்போதும் பொன்னாக இருப்பதில்லை. மலிவான ஃபேன்சி நகையில் முலாமுக்கு அடியில் நிக்கல் இருக்கலாம். வியர்வை பட்டு முலாம் தேய்ந்ததும், நிக்கல் ஒவ்வாதவர்களுக்கு அரிப்பும் கொப்புளமும் வரும். கண்ணுக்குத் தப்பியதைத் தோல் காட்டிக் கொடுத்துவிடும். ஐரோப்பிய ஒன்றியம் 1994-ல், தோலில் படும் பொருள்களிலிருந்து வெளிவரும் நிக்கலுக்கு வரம்பு வகுத்தது: சதுர சென்டிமீட்டருக்கு வாரத்துக்கு 0.5 மைக்ரோகிராம்.

நம்மில் பலர் மளிகையோடு கம்மல், வளையல் அட்டைகளையும் தொங்கவிட்டிருக்கிறோம். கொள்முதலின்போது என்ன உலோகம், நிக்கல் கலந்ததா என்று மொத்த வியாபாரியிடம் கேட்போம். அதைப் பில்லில் எழுதியும் வாங்குவோம். அரிக்கிறது என்று வருபவரிடம் வாதாடாமல் பொருளைத் திரும்ப எடுத்துக்கொள்வோம்.

வாடிக்கையாளர் பிரித்துப் பார்க்காமல் வாங்கிச் செல்லும் பருப்புப் பொட்டலமும் அந்த ரப்பர் வளையலைப் போன்றதுதான். உள்ளே இருப்பது நாம் சொன்னதாகவே இருக்க வேண்டும். நாணயம் என்று நம் பெரியவர்கள் சொன்னது அதைத்தான்.